முழங்கால்களின் தந்தை

2006ஆம் ஆண்டில் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் கண்டோம். நேற்று வரை பள்ளிவாசல் படிகளை விரைந்து ஏறியவர், அன்று சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினார். முதல் வரிசையில் நின்று தொழுதவர், வரிசையின் ஓரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்தார். ஒலுச் செய்யக் குழாயைத் திருகினால் விரல்கள் இணங்கவில்லை. வீட்டினுள்ளே நிலைமை இதனினும் கடினமாயிருந்தது. மாவு பிசையவும், ஈரத் துணியைப் பிழியவும், குழந்தையைத் தூக்கி இடுப்பில் இருத்தவும் இயலாமல் பெண்கள் தவித்தனர். காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிட்டது. விரலிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முழங்காலிலும் புகுந்த வலியோ மாதங்கள் பல கழிந்தும் வெளியேறவில்லை.

"காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன வலி?" என்று கேட்டனர் வீட்டார். கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் அறிந்திருந்த காய்ச்சல்கள் வந்தன, போயின. போன பின் பத்தியச் சோறு உண்டு, தலைக்கு நீர் வார்த்து, வேலைக்குத் திரும்புவதே வழக்கம். இந்தக் காய்ச்சல் அவ்வழக்கத்தை மீறியது. உள்ளே நோகும் மூட்டினை வெளியே நிற்பவர் காண முடியாது. ஆகவே நோயுற்றவர் சோம்பேறி என்றும், பாசாங்கு செய்கிறவர் என்றும் பெயர் வாங்கினார். வலியோடு அவமதிப்பையும் சேர்த்துச் சுமந்தார்.

வீட்டார் கேட்ட அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வரலாற்றில் விடை எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் மருத்துவர் அல்லர். அல்அஸ்ஹர் மரபில் வளர்ந்த ஓர் ஆலிம். அவர் எழுதியதை உலகம் எவ்வாறு மறந்தது, மறந்ததனால் யார் துன்புற்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெய்ரோ நகரத்துச் சாட்சி

அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தீ என்ற பேரறிஞரின் பெயரை வரலாறு பயின்றோர் அறிவர். அவர் கெய்ரோவில் 1753ஆம் ஆண்டளவில் பிறந்து 1825இல் மறைந்தவர். அபிசீனியப் பகுதியிலிருந்து எகிப்துக்கு வந்து குடியேறிய அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையார் ஹஸன் அல்ஜபர்த்தீ கணிதத்திலும் வானநூலிலும் பெரும் புலமை பெற்றிருந்தவர். மகனார் எழுதிய 'அஜாயிபுல் ஆஸார்' என்னும் பெருநூல், எகிப்தின் நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகத் தொகுத்துரைக்கும் வரலாறு. 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்து வந்ததை அந்நாட்டவரின் கண்ணால் பார்த்து எழுதியவர் என்ற முறையிலேயே மேலை நாட்டவர் அவரைப் பெரிதும் பேசுவர்.

ஆனால் அந்நூலில் மன்னர்களும் படைகளும் மட்டுமே இடம் பெறவில்லை. நைல் நதியின் வெள்ளம், தானிய விலை, சந்தைப் பூசல், அறிஞர்களின் மறைவு, தெருவில் பரவிய நோய் ஆகிய யாவும் உள்ளன. ஹிஜ்ரி 1193, அதாவது கி.பி. 1779ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுள் ஒரு புது நோயைப் பற்றிய சில வரிகள் வருகின்றன. நகர மக்கள் அந்நோய்க்கு 'அபுர்ருகப்' என்று பெயரிட்டனர் என்கிறார் ஆசிரியர்.

அரபி மொழியில் 'ருக்பா' என்றால் முழங்கால். அதன் பன்மை 'ருகப்'. 'அபூ' என்பது தந்தை. எனினும் அரபியரின் பேச்சு வழக்கில் 'அபூ' என்ற சொல் பெற்றவரை மட்டும் குறிப்பதன்று; ஒன்றை உடையவரை, ஒன்றோடு பிரியாது இணைந்தவரையும் குறிக்கும். பூனைக் குட்டியோடு இருந்த தோழருக்கு அபூ ஹுரைரா என்று பெயர் அமைந்ததை நாம் அறிவோம். அவ்வாறே முழங்கால்களைத் தன் உடைமையாக்கிக்கொண்ட நோய்க்குக் கெய்ரோ மக்கள் 'முழங்கால்களின் தந்தை' என்று குன்யத்துப் பெயர் சூட்டினர். அந்நோய் முழங்காலில் வந்து உட்கார்ந்ததும் அங்கிருந்து எழ மறுத்ததும் அப்பெயரிலேயே அடங்கியிருந்தன.

ஜபர்த்தீ தரும் செய்தியின் சாரம் இது: நோய் சிறு குழந்தைகள் உட்பட எல்லோரையும் பிடித்தது. எதிர்பாராத நேரத்தில் உடல் சுட்டது. காய்ச்சலின் கடுமை மூன்று நாள். ஆளுக்கு ஆள் கூடவும் குறையவும் செய்தது. மூட்டுகளிலும் முழங்கால்களிலும் கைகால்களின் நுனிகளிலும் வலி கண்டது. விரல்கள் அசைய மறுத்தன. சிலருக்கு வீக்கமும் இருந்தது. இவற்றோடு முடித்திருந்தாலும் அது நல்ல குறிப்பே. ஆயினும் அவர் மேலும் ஒன்றைச் சேர்த்தார்: நோயின் சுவடு ஒரு மாதத்திற்கு மேலும் தங்கிற்று.

இந்தக் கடைசிச் செய்தியைக் கருதிப் பாருங்கள். மூன்று நாள் காய்ச்சல். மாதம் கடந்த வலி. 2006இல் நம் வீடுகளில் நடந்தது இதுதான். காய்ச்சல் நின்ற அன்றே நோயை முடித்து எழுதாமல், அடுத்த மாதமும் நொண்டி நடந்த மனிதரை உற்றுப் பார்த்து எழுதினார் ஜபர்த்தீ. வரலாற்றாசிரியன் ஒருவன் எளிய மக்களுக்குச் செய்யக்கூடிய நன்றி இதனினும் வேறில்லை.

அதே ஆண்டில் ஜாவாத் தீவில்

கெய்ரோவில் இந்நோய் நடமாடிய அதே 1779இல், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஜாவாத் தீவின் பத்தாவியா நகரிலும் ஒரு காய்ச்சல் பரவியது. இன்று ஜகார்த்தா எனப்படுவதே அந்நகரம். அப்போது அது ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது. நகரத்து அறுவை மருத்துவரான டேவிட் பைலான் என்பவர் அந்நோயைப் பற்றி எழுதினார். அவரே நோய்வாய்ப்பட்டவர் என்பதால் அவரது குறிப்பு மேலும் மதிப்புடையது. நண்பர்களோடு உரையாடிக்கொண்டிருந்த மாலைப் பொழுதில் கையில் தொடங்கிய வலி, படிப்படியாகத் தோளுக்கேறி, பின்னர் உடலெங்கும் பரவி, அன்றிரவே கடுங்காய்ச்சலாய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. மூன்று வாரங்களுக்குப் பின்னும் கணுக்கால்கள் வீங்கியிருக்க, காலையில் படுக்கையை விட்டு எழ அவர் அல்லலுற்றார். ஒல்லாந்தர் அதற்கு 'விரல்கணுக் காய்ச்சல்' என்று பொருள்படும் பெயரை இட்டனர்.

கெய்ரோவாசிக்குப் பத்தாவியாவைத் தெரியாது. பத்தாவியாவாசிக்கு ஜபர்த்தீயைத் தெரியாது. ஆயினும் இரு நகரத்தாரும் தங்கள் நோய்க்கு மூட்டின் பெயரையே வைத்தனர்.

நோய் எவ்வாறு கடல் கடந்தது என்பதற்கு அக்காலத்துப் பாய்மரக் கப்பல்களே விடை கூறும். மாதக் கணக்கில் செல்லும் பயணத்திற்குக் குடிநீரைப் பீப்பாய்களில் நிரப்பி எடுத்துச் செல்வர். அப்பீப்பாய் நீரில் ஏடிஸ் என்னும் கொசு முட்டையிட்டுப் பெருகும். பகலில் கடிப்பது இதன் இயல்பு. சாக்கடையை விட, வீட்டிலும் கப்பலிலும் மனிதர் சேர்த்து வைக்கும் தெளிந்த நீரையே இது விரும்பும். நீர் வற்றினாலும் இதன் முட்டைகள் பல மாதங்கள் கெடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். இவ்வாறு நோயாளியும் கொசுவும் ஒரே கப்பலில் பயணம் செய்தனர். கொசு நோயைச் சுமக்கும் என்ற உண்மையை உலகம் தெளிந்து கொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதுவரை காற்றையும் கோள்களையும் பேய்களையுமே மக்கள் காரணம் சொன்னார்கள்.

ஸான்ஸிபார் முதியவர்களின் நினைவு

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையருகே உள்ள ஸான்ஸிபார் தீவில் 1823இல் இத்தகைய காய்ச்சல் ஒன்று பரவியது. பின்னர் 1870இல் மீண்டும் வந்தது. அப்போது அங்கே சுல்தானின் மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் கிறிஸ்டி. புதிய நோய் இது என்று இளைஞர்கள் திகைத்தபோது, தீவின் முதியவர்கள் திகைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் தாங்கள் கண்ட நோயே இது என்று அடையாளம் சொன்னார்கள். அதற்குச் சுவாஹிலி மொழியில் வழங்கிய பெயரையும் சொன்னார்கள். 'தீய ஆவி பற்றித் திடீரென இழுத்துப் பிடித்தல்' என்பது அதன் கருத்து. 'டிங்கா' என்பது அதில் ஒரு சொல். கிறிஸ்டி 1872இல் மருத்துவ ஏடொன்றில் இதனை எழுதி வைத்தார்.

1824, 1825ஆம் ஆண்டுகளில் கல்கத்தா முதலிய இடங்களில் மூட்டு வலியோடு கூடிய பெருங்காய்ச்சல் எழுந்தது. 1827, 1828ஆம் ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளில் அதே தன்மையுடைய காய்ச்சல் பரவியது. அடிமைகளாய்ப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களை ஏற்றிய கப்பல்கள் அத்தீவுகளுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. 1870இல் ஸான்ஸிபாரில் எழுந்த நோயோ, ஏடன் வழியாகப் பம்பாய், கல்கத்தா, சென்னை என்று இந்தியத் துறைமுகங்களைத் தொட்டது.

மேற்கிந்தியத் தீவுகளில்தான் பெயர்க் குழப்பம் விளைந்தது. சுவாஹிலி 'டிங்கா' ஸ்பானிய நாவில் 'டெங்கே' என்றாயிற்று என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அப்பெயர் மருத்துவ நூல்களில் ஏறிற்று. காலப்போக்கில் அதே பெயர் வேறொரு நோயின் மீது சென்று படிந்தது. அந்த வேறு நோயே இன்று நாம் டெங்கு என்று அறிவது. அதனையும் ஏடிஸ் கொசுவே பரப்புகிறது. அதிலும் காய்ச்சலும் உடல் வலியும் உண்டு. ஆனால் டெங்குவில் அஞ்சத் தக்கது இரத்தக் கசிவும் இரத்த ஓட்டம் தளர்வதும். மூட்டைப் பிடித்து மாதக் கணக்கில் விடாதிருப்பது அதன் இயல்பன்று. இவ்வாறு பெயர் இடம் பெயர்ந்தபோது, அப்பெயரோடு சேர்ந்து வந்த அறிவும் சிதறிற்று. 'இக்காய்ச்சல் போன பின்னும் மூட்டு நோகும்' என்று கெய்ரோவும் பத்தாவியாவும் அறிந்திருந்த உண்மை, மருத்துவ நூல்களின் பக்கங்களிலிருந்து மெல்ல மங்கிப் போயிற்று.

மக்கொண்டே மேட்டுநிலம்

இந்நோய்க்கு இன்றுள்ள பெயர் பிறந்த இடம் தங்கனிக்கா, அதாவது இன்றைய தான்ஸானியா. அந்நாட்டின் தென்கோடியில் நெவாலா வட்டாரத்தில் மக்கொண்டே என்ற மேட்டுநிலம் உள்ளது. மக்கொண்டே இன மக்கள் வாழும் அவ்வட்டாரம் நீர்ப் பஞ்சத்துக்குப் பேர் போனது. சரிவில் இறங்கி நெடுந்தொலைவு நடந்து சென்று நீர் கொணர்ந்து, அதை வீட்டுக் கலங்களில் தேக்கி வைத்துச் சிக்கனமாய்ப் பயன்படுத்துவது அம்மக்களின் வழக்கம். அத்தேங்கிய நீரே கொசுவுக்கு வாய்ப்பாயிற்று.

1952, 1953ஆம் ஆண்டுகளில் அங்கே பெருங்காய்ச்சல் எழுந்தது. மாரியன் ராபின்சன், லம்ஸ்டன் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் அதனை ஆராய்ந்து 1955இல் கட்டுரைகள் வெளியிட்டனர். ராஸ் என்ற அறிஞர் நோயாளியின் குருதியிலிருந்து நச்சுயிரைப் பிரித்தெடுத்தார். மக்கொண்டே மக்கள் தம் மொழியில் சொன்ன பெயரே அந்நச்சுயிரின் பெயராயிற்று: சிக்குன்குனியா. 'வளைத்து மடக்குவது' என்பது அதன் பொருள். சுவாஹிலிச் சொல் என்று பலர் எழுதுவது பிழை; அது மக்கொண்டே மொழிச் சொல். 2006இல் நம்மவர் சிலர் கோழிக்கறியால் வந்த நோய் என்று எண்ணி அதனை ஒதுக்கியது, ஆங்கிலச் சொல்லொன்றின் ஒலி ஒப்புமையால் நேர்ந்த மயக்கம். நம் 'குனிதல்' என்ற சொல்லோடு அப்பெயர் ஒத்து ஒலிப்பதும் தற்செயலே. எனினும் கருத்து பொருந்திவிட்டது.

இந்நச்சுயிருக்கு இன முறையில் உறவானது மற்றொன்று. அது 1959இல் உகாண்டாவில் எழுந்து ஏறத்தாழ 20 இலட்சம் மக்களைப் பிடித்தது. அச்சோலி மொழி பேசும் மக்கள் அதற்கு 'ஓ நியோங் நியோங்' என்று பெயரிட்டனர். மூட்டுகளைத் தளர்த்துவது என்பது அதன் பொருள். முழங்காலின் தந்தை, விரல்கணுக் காய்ச்சல், வளைத்து மடக்குவது, மூட்டைத் தளர்த்துவது: நான்கு நாட்டு மக்கள், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே உண்மைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நோயாளியின் சொல் பொய்யன்று என்பதற்கு இதைவிட வலிய சான்று எது வேண்டும்?

வேலூரில் அவிழ்ந்த முடிச்சு

இந்திய நாட்டில் சிக்குன்குனியா நச்சுயிர் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1963இல், கல்கத்தாவில். அடுத்த ஆண்டே அது சென்னையைப் பிடித்தது. வேலூரையும் புதுச்சேரியையும் பிடித்தது. அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிர் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் டொனால்டு கேரி என்ற அமெரிக்க அறிஞர். அவ்வூரில் அதே காலத்தில் டெங்கு நச்சுயிரும் உலவியது. இரு நோய்களையும் ஒரே ஊரில் அருகருகே கண்டு, குருதிச் சோதனையால் வேறுபடுத்தி அறியும் வாய்ப்பு அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் கிடைத்தது.

இரண்டையும் நேரில் கண்ட கண்ணோடு கேரி பழைய நூல்களைப் புரட்டினார். 1971இல் அவர் எழுதிய கட்டுரை, டெங்கு என்று இதுகாறும் கருதப்பட்ட பழைய நோய்கள் பலவும் உண்மையில் சிக்குன்குனியாவே அல்லவா என்று கேட்டது. 1779இல் கெய்ரோவிலும் பத்தாவியாவிலும் கண்டது, 1823இல் ஸான்ஸிபாரில் கண்டது, 1827இல் மேற்கிந்தியத் தீவுகளில் கண்டது, 1870க்குப் பின் இந்தியாவுக்கு வந்தது ஆகியவற்றை அவர் ஒரே வரிசையில் வைத்தார். அவர் கைக்கொண்ட அளவுகோல்களுள் தலையாயது, காய்ச்சல் நின்ற பின்னும் நீடித்த மூட்டு வலி. அக்காலத்து நோயாளிகளின் குருதி நம்மிடம் இல்லையாதலால் இதனை ஆய்வுக்கூடத்தில் நிறுவ முடியாது. அறிகுறிகளைக் கொண்டு செய்யும் தீர்ப்பே இது. எனினும் ஜபர்த்தீயின் வரிகளையும் வேலூர் நோயாளியின் முழங்காலையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர், அத்தீர்ப்பை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

உடல் நினைக்கிறது; ஊர் மறக்கிறது

1973இல் மராட்டிய மாநிலத்துப் பார்சி நகரில் நோய் தலைகாட்டியது. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் அதன் பேச்சே இல்லை. 2004இல் கென்யாவின் லாமுத் தீவில் எழுந்து அங்குள்ள மக்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரைப் பிடித்தது. மழையின்றி வறண்ட காலத்தில் வீட்டுக் கலங்களில் நீரை நெடுநாள் தேக்கி வைத்ததை அறிஞர்கள் ஒரு காரணமாகக் கூறினர். மக்கொண்டே மேட்டுநிலத்தில் நடந்தது அங்கே திரும்ப நடந்தது. 2005இல் கொமோரோத் தீவுகள். அதன் பின் பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவு. ரீயூனியனில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நோயுற்றவர் ஏறத்தாழ 2,66,000 பேர். அதாவது மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே நச்சுயிரில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம், ஏடிஸ் இனத்து மற்றொரு கொசுவும் அதனை எளிதில் சுமக்க வழி செய்தது. 2006இல் இந்தியாவில் இந்நோயென ஐயுறப்பட்டவர் ஏறத்தாழ 13,90,000 பேர். அதே ஆண்டின் இறுதியில் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோர ஊர்களும் துன்புற்றன.

இந்நீண்ட இடைவெளிக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை இந்நோய் கண்டவரின் குருதியில் எதிர்ப்பாற்றல் பிறந்து நெடுங்காலம் நிலைக்கிறது. ஊரில் பெரும்பாலோர் அவ்வாற்றல் பெற்றவுடன் நச்சுயிருக்குப் பற்றிக்கொள்ள ஆளில்லை, அது ஓய்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. அவ்வாற்றல் இல்லாத புதிய தலைமுறை வளர்ந்து ஊர் நிறைகிறது. அப்போது வெளியிலிருந்து நச்சுயிர் வந்து நுழைந்தால் மீண்டும் பற்றுகிறது.

இதில் ஒரு பெருந்துன்பம் உள்ளது. நோயை எதிர்க்கும் ஆற்றல் ஊரில் குறையும் அதே காலத்தில், நோயைக் கண்டறிந்த முதியவர்களும் மறைந்து போகிறார்கள். ஸான்ஸிபாரில் 1870இல், 'இது அன்று வந்ததே' என்று சொல்ல ஆளிருந்தது. 2006இல் நம் ஊர்களில் 1964ஐ நினைவுபடுத்திச் சொன்னவர் எத்தனை பேர்? சென்னையிலும் வேலூரிலும் அன்று நொண்டியவர்கள் எத்தனை மாதம் நொண்டினார்கள் என்று எந்தக் குடும்பத்தில் எழுதி வைத்தோம்? எழுதாமையால் மறந்தோம். மறந்தமையால்தான் 'இன்னும் என்ன வலி?' என்று கேட்டோம்.

தங்கிவிடும் வலியின் தன்மை

இனி அவ்வலியைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். மருத்துவர் இந்நோயை மூன்று கட்டமாகப் பிரிப்பர். முதல் மூன்று வாரம் கடுநிலை. அதன்பின் மூன்றாம் மாதம் வரை இடைநிலை. மூன்று மாதம் கடந்தும் தொடர்ந்தால் நெடுநிலை. கணுக்கால், மணிக்கட்டு, விரற்கணு, முழங்கால் ஆகியவற்றில், பெரும்பாலும் இரு பக்கத்திலும், வலி அமைகிறது. காலையில் எழும்போது மூட்டு மரக்கட்டை போல் விறைத்திருக்கும். சிறிது நேரம் அசைத்த பின்னரே இளகும். முன்னர் அடிபட்ட மூட்டினை நோய் தேடிப் பிடிக்கும். தசைகளில் நோவும் தளர்ச்சியும், உடலில் ஓயாத களைப்பும் உண்டு. சிலருக்கு வலி தணிந்து, நலமாயிற்று என்று மகிழும்போதே திரும்ப வரும். நடுவயது கடந்தவர், பெண்கள், ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர், தொடக்கத்தில் கடுமையாகத் துன்புற்றவர் ஆகியோரிடம் இது மிகுதி.

எத்தனை பேர்க்கு இவ்வாறு நீடிக்கும் என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று வேறுபடுகின்றன. தென்னாப்பிரிக்காவில் 107 நோயாளிகளை மூன்றாண்டுக்குப் பின் ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் முற்றும் நலமடைந்திருந்தனர். எஞ்சியோர்க்கு விறைப்போ வலியோ வீக்கமோ இருந்தது. ரீயூனியனில் நடந்த ஓர் ஆய்விலோ, மூன்றாண்டு கழிந்தும் பாதிக்கு மேற்பட்டோர் வலியுண்டு என்றனர். நோயாளியைத் தேர்ந்த முறையும் நச்சுயிரின் வகையும் வேறு வேறாதலின் கணக்கும் வேறாயிற்று. ஆனால் இரண்டும் ஒன்றை உறுதி செய்கின்றன: நோயுற்றவருள் ஒரு பகுதியினர் ஆண்டுக் கணக்கில் துன்புறுகின்றனர்.

காரணம் யாது? நச்சுயிர் மூட்டின் உட்சவ்விலும், தசையைப் புதுப்பிக்கும் உயிரணுக்களிலும் புகுகிறது. ரீயூனியனில் நோய் கண்டு 18 மாதம் கழிந்த ஒருவரின் மூட்டுச் சவ்வில் நச்சுயிரின் எச்சங்கள் காணப்பட்டன. எச்சம் தங்குவதால் உடலின் காவற்படை ஓயாமல் போரிடுகிறது என்பர் ஒரு சாரார். கொலம்பியா நாட்டு நோயாளிகளின் மூட்டு நீரில் பின்னாளில் தேடியபோது நச்சுயிர் அகப்படவில்லை. ஆகவே, பகைவன் போன பின்னும் காவற்படை ஆயுதம் கீழே வைக்காததே வலிக்குக் காரணம் என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் முடியவில்லை. எவர் பக்கம் தீர்ப்பானாலும், வலி மூட்டில் இருக்கிறது. நோயாளியின் கற்பனையில் இல்லை.

செய்யத் தக்கன

நச்சுயிரை அழிக்கும் மருந்து இதுவரை இல்லை. காய்ச்சல் நாள்களில் ஓய்வும் நீராகாரமும் பாரசிட்டமாலும் துணை. டெங்கு அன்று என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளைத் தொடலாகாது. டெங்குவாயின் இரத்தக் கசிவை அவை மிகுவிக்கும். மாதங்கள் கடந்தும் வீக்கம் குறையாதவர், மூட்டு நோய் மருத்துவரை அணுக வேண்டும். தேர்ந்த மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் மருந்துகளும், முறையான உடற்பயிற்சியும் பலருக்குப் பயன் தருகின்றன. முற்றாக அசையாதிருப்பதும் தீது. வலியை மீறி உழைப்பதும் தீது. உடனடி நலம் தரும் என்று கண்ட இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வோர், அதை நிறுத்தியதும் வலி திரும்பிவரக் காண்பர். குளோரோகுயின் பயன்படும் என்று ஒருகாலத்தில் நம்பினர். காய்ச்சல் நாள்களில் அதனைக் கொடுத்து 2006இல் ரீயூனியனில் சோதித்தபோது பயன் காணவில்லை. 2023இல் அமெரிக்க நாடு முதல் தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. கடும் பக்க விளைவுகள் தெரிய வந்ததால் 2025இல் அவ்வனுமதியை நிறுத்தி வைத்தது. ஆதலின் வீட்டுத் தொட்டியையும் குடத்தையும் மூடி வைப்பதும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காய வைப்பதுமே இன்றும் நம் கைக்கெட்டிய காப்பு.

மருந்தினும் முதலாவதாக வேண்டுவது ஒன்றுண்டு, அது நம்பிக்கை. நோயாளியின் சொல்லை வீட்டார் நம்ப வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. வணக்கத்திலேயே தளர்ச்சியை மதித்து இடம் தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அடுப்படியிலும் அலுவலிலும் அச்சலுகையை மறுப்பது எவ்வகையில் நியாயம்? நாற்காலியில் தொழுபவரை ஓரக் கண்ணால் பார்ப்பதற்கு முன், கெய்ரோ மக்கள் சூட்டிய பெயரை நினைத்துக்கொள்வோமாக.

இந்நோய் மீண்டும் வரும். 2025இல் ரீயூனியனுக்கு மீண்டும் வந்தது; இருபது ஆண்டு இடைவெளி அதற்குப் போதுமாயிருந்தது. அது நம் வாசலுக்கு வரும்போது ஊரில் நினைவு இருக்க வேண்டும். 2006இல் நொந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மாதத்தில் காய்ச்சல் கண்டது, எந்த மூட்டில் வலித்தது, எத்தனை மாதத்தில் தீர்ந்தது, தீராமல் எஞ்சியது எது என்று அவர்களிடம் கேட்டுக் குடும்ப ஏட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். ஜபர்த்தீ எழுதியதும் அவ்வளவே. அந்தச் சில வரிகள்தாம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் வீட்டு நோயாளியின் பக்கம் நின்று சாட்சி கூறின.